எந்தக் க?

கைப்பேசியின் வட்டத்துக்குள் முகத்தை வைக்கிறேன்.
இன்னும் நெருங்கி வா என்கிறது.
கண்ணாடியைக் கழற்று என்கிறது.
இரண்டே நொடியில்
நீ நீதான் என்று ஒப்புக்கொள்கிறது.
உள்ளே போனால் அதே சொல்:
பரிசீலனையில்.
இரண்டு வருடம், மூன்று மாதம்.

பார்த்தால் மட்டும் பழுத்துவிடுமா என்பார் சேதுபதி,
துவாஸ் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில்.
குளியலறையில் தண்ணீர் ஓடாத
அந்த ஐந்து நிமிடம்
அவரும் அதைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

லாவெண்டர் கட்டடத்தில், எண் அழைக்கப்பட்டு,
முகப்பில் இருந்த பெண் பென்சிலால் மெல்ல வட்டமிட்டாள்.
கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி,
கடவுச்சீட்டில் வேறு மாதிரி.
தணிகாசலம்.
அங்கே கே, இங்கே ஜி.
இருவரும் ஒருவர்தானா, மேடம்?

எங்களுக்கு இருப்பதே ஒரு க என்று
எப்படிச் சொல்ல?
காகத்தில் முன்னால் வருவது கே,
பின்னால் வருவது ஜி.
காகத்துக்கே அது தெரியாது.
அப்பா தமிழில்தான் கையெழுத்துப் போட்டார்.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அவரை எழுதிவைத்த நாள்முதல்
கிளினிக்கில், வங்கியில், தபால் நிலையத்தில்
மேடம் தணிகாசலம் என்று கூப்பிடுகிறார்கள்.
இறந்துபோன மனிதர்
எத்தனை வரிசைகளில் எனக்காக எழுந்து வருகிறார்.

இருவரும் ஒருவரே என்று சத்தியப் பத்திரம்,
எழுபத்தைந்து வெள்ளி.
கொடுத்து முடித்தும் பதினொரு மாதம்.

தேர்தலன்று காலை
வாக்கு அட்டையால் விசிறிக்கொண்டு
லிஃப்டுக்கு நின்றாள் பக்கத்து வீட்டு ரோஹாயா.
நீயும் வாயேன் என்றாள் பழக்கத்தில்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பால் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிக் கூடப் போனேன்.
பள்ளி வாசலிலிருந்து ரொட்டிக் கடை வரை வரிசை.
வரிசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்
அன்று இந்த ஊரில்
நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

நிவேதனுக்கு வந்த கடிதம் மட்டும் தாமதிக்கவில்லை.
பதினாறரை வயதில், பெயரில் பிழையே இல்லாமல்.
நிரந்தரவாசியின் மகனும் சிப்பாய்தான்.
தெக்கோங் தீவுக்கு நாங்களும் படகேறினோம்.
சாப்பாட்டுக்கூடத்தில் கோழி, கீரை, ஆளுக்கொரு ஆரஞ்சு.
பையன்கள் வலக்கை உயர்த்தினார்கள்.
இந்த நாட்டுக்கென்று அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும்
உதடு அசையாமல் நானும் சொன்னேன்.
அது எந்தக் கணக்கிலும் சேராது.

திரும்பும் படகில்
கடலைப் பார்த்தபடி அவர் கேட்டார்:
பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறதே,
புதுப்பிக்கலாமா, பொறுக்கலாமா?
புதுப்பித்தால் இன்னும் பத்து வருடம்.
பொறுத்தால்,
என்று தொடங்கியதை அவர் முடிக்கவில்லை.
பழைய படத்தில் எனக்கு முப்பத்தாறு.
காது தெரியவேண்டும் என்றதால்
முடியை அவர்தான் ஒதுக்கிவிட்டார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான்,
மொட்டைத் தலையும் கொசுக்கடியுமாக.
சோபாவில் விழுந்து, கண்ணைத் திறக்காமல்,
"வந்துச்சாம்மா?"
"இல்லடா."
"எனக்கு இன்னும் இருபத்துமூணு மாசம்.
யாருக்கு முதல்ல முடியுதுன்னு பார்ப்போமா?
தோத்தா மீ கோரெங்."
சரி என்றேன்.
நான் பதில் சொல்வதற்குள் தூங்கியிருந்தான்.

சலவை இயந்திரத்தில் அவன் பச்சைச் சட்டைகள் சுற்றுகின்றன.
புதுப்பிக்கும் படிவத்தைத் திறந்து
அப்பாவிடம் வந்து நிற்கிறேன்.
எதிர் பிளாக்கின் துணிக்கம்பில் உட்கார்ந்து
ஒரு காகம் கா என்கிறது, மறுபடி கா.
அதன் ஓட்டு கே பக்கம்தான்.

ஜி என்று நிரப்புகிறேன்,
பத்து வருடத்துக்கு.