மேட்டுக்குடி

பொகோட்டாவில் தண்ணீர் ரசீதிலேயே போட்டுவிடுவார்கள்
நீ எத்தனையாவது அடுக்கு என்று.
ஒன்றிலிருந்து ஆறு வரை.
ஆறு கோட்டும் நாய்க்குத் தனி மருத்துவரும் வைத்திருக்கும்.
நாங்கள் ஒன்று.
தெற்கு மலையின் உச்சியில், பூச்சு காணாத செங்கல்.
எங்கள் பக்கம் மேடு ஏற ஏற எண் இறங்கும்.
உயர்ந்த இடத்துப் பெண் நான் என்றால்
பொய்யில்லை, ஆனால் பொறாமைப்பட ஆளில்லை.

வீட்டில் முதன்முதலாக ஆறை எட்டியது அம்மா.
விடிகாலை நாலரை, இரண்டு பஸ்,
சேற்றுக்கு ஷூவின்மேல் கட்டிய பிளாஸ்டிக் பை,
தார்ச்சாலை வந்ததும் அவிழ்த்து, மடித்து, கைப்பைக்குள்.
ஏழு மணிக்கு ஆறில் இருப்பாள்.
பளிங்கில் முகம் தெரியும்வரை துடைப்பாள்.
தெரிவது அவள் முகம்தான்.
இரவு ஒன்பதுக்கு மறுபடி ஒன்று.
பத்தொன்பது வருடம். ஒரு இரவுகூட ஆறில் தூங்கியதில்லை.
இல்லை, ஒரு இரவு. அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்.
அன்று முக்காலிமேல் ஏறி நின்று
எங்களுக்கு முட்டை பொரித்தான் எட்டு வயது எடில்பெர்டோ.
கருகிய வாசனை திரைச்சீலையில் ஒரு வாரம் இருந்தது.

நான் படித்தேன்.
இரவுக் கல்லூரி, கணக்குப்பதிவு, கல்விக்கடன்.
முதல் நேர்முகத்தில் அந்த அம்மாள்
என் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார்.
யெய்மி.
அப்பா டிவியில் கேட்டு, காதில் விழுந்தபடியே
எழுதிக்கொடுத்த பெயர்.
வடக்குத் தெருக்களில் அது முளைப்பதில்லை.
எந்தப் பள்ளி என்றார். சொன்னேன்.
ஓ, என்று பேனாவை மூடினார்.
அடுத்த கம்பெனியில் யெ. ரின்கோன் என்று எழுதினேன்.
வேலை கிடைத்தது.
அதனால்தானா, தெரியாது. தெரிந்துகொள்ளவும் மனமில்லை.

இப்போது நான்கில் இருக்கிறேன், வாடகைக்கு.
மலையிலிருந்து கீழே வந்ததைத்தான்
மேலே போய்விட்டாள் என்கிறார்கள் சித்தி வீட்டில்.
நான்குக்குச் சலுகையும் கிடையாது, கூடுதலும் கிடையாது.
என் தண்ணீருக்கு வேறு யாரும் காசு கொடுப்பதில்லை,
வேறு யார் தண்ணீருக்கும் நான் கொடுப்பதில்லை.
வந்த அன்று குழாயைத் திறந்துவிட்டு
கையை நீட்டிக்கொண்டு நின்றேன், வெகுநேரம்,
யாருக்கும் கடன்படாத தண்ணீர்.
கல்விக்கடனில் இன்னும் நாற்பத்தொரு தவணை.

ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் வருகிறது.
எண் கட்டடத்துக்குத்தானாம், ஆளுக்கில்லையாம்.
நான் காலி செய்த மறுநாளும்
நான்கு இங்கேயே இருக்கும்,
ஜன்னல்மேல் விட்டுப்போகும் திரைக்கம்பி மாதிரி.
இரண்டு மாதம் சம்பளம் நின்றால் நான் எத்தனை என்பதை
யாரும் அச்சடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேபிள் காரில் ஏறினேன்.
பத்துப் பேர், முட்டியோடு முட்டி.
எதிரே ஒருவர் மடியில் அட்டைப்பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள்.
பாதியில் நின்றது.
மின்னல் என்றது ஒரு குரல். கரண்ட் என்றது இன்னொன்று.
லேசாக ஆடினோம்.
சுற்றிப்பார்க்க வந்தீர்களா என்று கேட்டார் பெட்டிக்காரர், மரியாதையாக.
வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.
அவர் என் ஷூவைப் பார்த்துவிட்டு
குஞ்சுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குனிந்தால் நேர் கீழே எங்கள் கூரை.
தகரம் பறக்காதிருக்க டயர், செங்கல், சக்கரமில்லாத சைக்கிள்.
கறுப்புத் தண்ணீர்த்தொட்டி திறந்து கிடக்கிறது,
விளிம்பில் ஒரு புறா.
போன் போட்டேன்.
தொட்டியை மூடுடா.
உனக்கெப்படித் தெரியும் என்றான் எடில்பெர்டோ.
வெளியே வந்து பார்.
வந்தான், கையில் சாப்பாட்டுத் தட்டு,
மறு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு.
வானம் முழுக்க வரிசையாய்த் தொங்கும் சிவப்புப் பெட்டிகள்.
எதில் நான் என்று அவனுக்குத் தெரியவில்லை.
தட்டைத் தரையில் வைத்துவிட்டு
ஒவ்வொன்றுக்கும் கையசைத்தான்.