நாலாவது ஓனர்

பெருந்துறையில் எஃப்.சி. வரிசை.
கேட்காமலே என் மெட்டடோரைத் தொட்டார் ஒருவர்.
பக்கக் கதவைத் தூக்கி, இழுத்து,
கீழ்மூலையில் ஓர் உதை.
திறந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டாம் பெயர்:
சென்னியப்பன், ஊதியூர்.

"ரேடியேட்டரு இன்னமும் மஞ்சத்தூள் குடிக்குதுங்களா?"
குடிக்குதுங்க.
ஈரோட்டு மஞ்சள்தான்.

மூணாம் ஓனர் சம்பூரணம்
பனியன் மூட்டைகளுக்கு நடுவே
ஊத்துக்குளி கேட்டில் பிள்ளை பெற்றதைச் சொன்னேன்.
அந்தப் பையனுக்கு இப்போது லைசென்சே வந்துவிட்டது.

அவர் காதில் விழவில்லை.
கடைசி சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.
"என்னங்க தேடறீங்க?"
"அவ கொலுசுத் திருகாணிங்க.
காங்கயம் மேட்டுல விழுந்துச்சு,
தொண்ணூத்தி மூணுல."

கை நிறையக் கிரீஸ்.

வரிசை நகர்ந்தது.
ஸ்டார்ட் ஆகவில்லை.
நான் கூப்பிடும் முன்னே
பின்னால் போய் நின்றார்,
இடது தோளைக் கொடுத்து.