நின்ற இடத்தில் ஐம்பது அடி

இருபத்திரண்டு வருஷம்
கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான்.
காரைக்குடி – புதுக்கோட்டை, தனியார் சர்வீஸ்.
கோட்டையூர் வளைவில் பஸ்ஸே ஒருக்களிக்கும்.
இடுப்பைச் சீட்டு முனையில் லேசாக ஒட்டவைத்து
பள்ளத்தூர் ரெண்டு, கானாடுகாத்தான் ஒண்ணு என்று
கிழித்துக் கொடுத்துக்கொண்டே போவேன்.

மாசியில் ஒரு விடியற்காலை
படுக்கையில் இடப்பக்கம் புரண்டேன்.
மின்விசிறி நின்றிருந்தது.
அதைச் சுற்றி அறை ஓடியது.
பஞ்சவர்ணம் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.
மூன்று நாள்
உலகத்தில் அசையாமல் இருந்தது
அந்த வாளியின் விளிம்பு மட்டும்தான்.

நாலாம் நாள் நடந்தேன்.
நடந்தேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது.
காலை அகட்டி, விரலால் சுவரைத் தடவி,
தலைமேல் நிறைகுடம் இருப்பவனைப்போல
கழுத்தைத் திருப்பாமல்.
யாராவது கூப்பிட்டால்
முழு உடம்போடு திரும்பினேன், பீரோவை நகர்த்துகிற மாதிரி.
ராத்திரி கரண்ட் போனால் தீர்ந்தது.
இருட்டு என்னை இடப்பக்கமாய்த் தள்ளிவிடும்.

பள்ளத்தூர்க் கடைத்தெருவில் பால் வாங்கப் போனபோது
"காலங்காத்தாலயேவா, சோணைமுத்து?" என்றார் ஒருவர்.
கடைக்காரர் மீதிச் சில்லறையை
என் கையில் வைக்காமல் பலகையில் வைத்தார்.
ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதைச் சொல்லி முடிக்கவே
ஒரு தூண் வேண்டியிருந்தது.
தூணைக் கட்டிக்கொண்டு சொல்பவனை
எவன் நம்புவான்?

மச்சினன் மகள் கல்யாணம்,
வாடகைக்கு எடுத்த பெரிய வீடு.
முகப்பிலிருந்து பந்தி வரைக்கும் ஆத்தங்குடிக் கல்.
சிவப்புக்குள் மஞ்சள், பூவுக்குள் பூ, அதற்குள்ளும் ஒன்று.
மற்றவர்களுக்கு அது தரை.
எனக்கு அது கொதித்தது.
ஒரு பூவில் கால் வைத்தால் அடுத்த பூ விலகியது.
ஓரத்தில் நேராய் ஓடிய கறுப்புக் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு
பந்திக்குப் போய்ச் சேர்ந்தேன்.
வழியில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.
மரியாதைக்கு இருக்காது.

செக்காலை ரோட்டில் காது மூக்கு டாக்டர் உமையாள்
ஒரே ஒரு சோதனை சொன்னார்:
"கண்ணை மூடுங்க. நின்ன இடத்திலேயே ஐம்பது அடி வைங்க."
எண்ணுவதில் நான் தவறியதில்லை.
சாயங்காலம் கட்டும் பணத்தில்
ஒரு ரூபாய் குறைந்ததில்லை.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது.
கண்ணைத் திறந்தேன்.
எதிரே டாக்டர் இல்லை. ஒரு கதவு, அதில் ஒரு காலண்டர்.
டாக்டரின் குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது.
"நான் திரும்பலையே" என்றேன்.
"திரும்பினீங்க. அது உங்களுக்குச் சொல்லப்படலை."

முன்படியில் கிளீனர், பின்படியில் நான்.
ரெண்டு விசிலையும் கேட்டு வண்டியை எடுப்பார் டிரைவர்.
ஒருத்தன் திடீரென்று ஊமையானால்?
இடது காதின் நரம்பு அப்படி ஊமையாம்.
வலது மட்டும் ஊதிக்கொண்டிருக்கிறதாம்.

மாத்திரை அஞ்சு நாளைக்கு. பிறகு பயிற்சிதான்.
பழைய டிக்கெட் ஒன்றைச் சுவரில் ஒட்டி
அதன் எழுத்திலிருந்து கண் வழுக்காமல்
தலையை ஆட்ட வேண்டும்.
இருபது தடவை இல்லை, இருபது தடவை ஆமாம்.
பஞ்சவர்ணம் வேண்டுமென்றே அப்போதுதான் வந்து
"முருங்கைக்காய் போடவா?" என்று கேட்பாள்.
இரண்டு பதிலையும் வாங்கிக்கொண்டு
அவள் இஷ்டத்துக்குச் சமைப்பாள்.

பங்குனியில் என் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து ஏறினேன்.
கோட்டையூர் வளைவு.
அத்தனை பேரும் சாய்ந்தார்கள்,
நானும் சாய்ந்தேன்.
ஒரு மாதத்தில் முதல் தடவையாக
என்னை யாரும் பார்க்கவில்லை.

காரைக்குடியில் கடைசிப் படியில் நின்றேன்,
தரை ஓடி அடங்கட்டும் என்று.
பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
புதுக் கண்டக்டர் பையன்
உதட்டில் விசிலை வைத்துக்கொண்டு
ஊதாமல் இருந்தான்.