முழங்கால் உயரம்

பதினெட்டு வருசமாய் அண்ணாந்தே பழகிய கழுத்து.
கம்பி, கிளை,
கம்பியை உரசும் கிளை.
அட்டகட்டிப் பக்கம் லைன் பார்க்கப் போனால்
காடு எனக்கு உச்சியில் மட்டுமே இருந்தது.

அன்றைக்கு ஒரு அட்டை
பூட்ஸுக்குள் இறங்கியதால் குனிந்தேன்.
உப்புப் பொட்டலத்தைத் துழாவும்போது
தரையில் ஓர் இலை நகர்ந்தது.
காற்றே இல்லை.
தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்த மாதிரி
இலை மட்டும்.

"திருமூர்த்தி, சித்தெ அசையாம நில்லு."

தொரட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றான்.
காட்டு ஏலத் தூறுக்கு அடியில்
நிழலிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு முதுகு,
செங்கல் தூள் அப்பிய வயிறு,
கண்ணுக்கு மேல் வெள்ளையாய் ஒரு கீறல்.
அது நின்றது. வால் நிற்கவில்லை.
பயத்தால் இல்லை, குளிரும் இல்லை;
தறி ஓடுகிற வீட்டில்
சொம்புத் தண்ணீர் நடுங்குமே, அப்படி.

நாலு மூச்சு இருக்கும்.
பிறகு தூறு வெறும் தூறாகிவிட்டது.
அட்டை வயிறு முட்டக் குடித்து
தானாகவே விழுந்திருந்தது.

ஜீப்பில் இறங்கும்போது சொன்னேன்:
"என்னா நீலம்டா அது."
"நீலமுங்களா? பழுப்புங்ண்ணா.
புளியங்கொட்டை கணக்கா இருந்துச்சே."
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
ஆளுக்கொரு நிறத்தைப் பிடித்துத் தொங்கினோம்.
டிரைவர் காளியப்பன் இரண்டு பேரையும் நம்பவில்லை.
ஆழியாறில் டீயை ஆற்றிக்கொண்டே
திருமூர்த்தி மெல்லச் சொன்னான்:
"அப்ப ரெண்டு இருந்திருக்குமுங்ண்ணா."

அதுவரை என் குருவி முழுசாய் இருந்தது.
அந்த நொடியில் பாதியானது.
ஒரே தூறு, ஒரே நாலு மூச்சு,
அவன் பார்த்ததை நான் விட்டிருக்கிறேன்.
டீக்காசு அவனே கொடுக்கட்டும் என்று
பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதிவேட்டில் எழுதியது:
கிளைகள் அகற்றப்பட்டன, ஆறு.
முழங்கால் உயரத்தில் நடப்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

மறுநாள் கோமங்கலத்தில் கம்பம் ஏறினேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் தென்னை.
அடியில் உழுது, களை எடுத்து,
கல்யாண வீட்டு வாசல் போல் சுத்தம்.
ஒளிய ஒரு தூறு கிடையாது.
இடுப்புக் கயிற்றில் சாய்ந்து
கணுக்கால் கடிவாயைச் சொறிந்துகொண்டே
முதல்முறையாய்
மேலேயிருந்து கீழே பார்த்தேன்.

வட்டப்பாத்தி ஓரம் ஓர் இலை நகர்ந்தது.

காற்றுதான்.