இதழகல்

உதடுகளுக்கு நடுவே ஊசியை நிறுத்திக்கொண்டு
ஒரு முழுச் செய்யுளைச் சொல்லி முடிப்பார்கள்
நம் பழைய புலவர்கள். ஒரு சொட்டு ரத்தம் வராது.
சபைக்காகச் செய்த வித்தை அது.

செனெகாக்காரர்களுக்கு வித்தையில்லை, வெறும் பேச்சு.
ப இல்லை. ம இல்லை.
புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடியே
போரையும் பேசலாம், சோளத்தையும் பேசலாம்.

கனண்டைகுவா ஏரிக்கு மேற்கே, ஓர் ஆகஸ்ட் மாதம்,
எல்ம் மரப்பட்டை வேய்ந்த நெடுவீட்டுக்குள்
குனிந்து நுழைந்தவர் பெயர் பெர்த்ரான் பொமியே.
மூன்று முறை சொன்னார். நான்காம் முறை மார்பைத் தொட்டுச் சொன்னார்.
யாருக்கும் வாயில் நிற்கவில்லை.
மழையில் வந்தவர் என்பதால்
'ஈரச் சட்டை' என்று வைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு கத்தி, ஒரு செப்புக் கெண்டி, கொஞ்சம் கண்ணாடிமணி
பாயில் பரப்பிவிட்டு அவர் கேட்டது,
தெற்கே எங்கோ ஓடும் பெரிய ஆற்றுக்கு வழி.
வழியைக்கூட அல்ல, வழி தெரிந்த ஓர் ஆளை.
முந்தின நாள் வீரர்கள் கயிற்றில் இழுத்துவந்த
பையன் ஒருவன் அந்த ஆற்றங்கரைக்காரன்.
அவனைத் தாருங்கள்.

இருவருக்கும் இடையில் ஒருத்தி நின்றாள்.
ஹூரோன் ஊரில் பிறந்து, கெபெக் கன்னியரிடம் பிரெஞ்சு படித்து,
பின்னொரு நாள் இதே வாசலுக்கு
இதே மாதிரிக் கயிற்றில் வந்தவள்.

பஃபலோ குடிவரவு நீதிமன்றத்தில் எனக்கும் அதே வேலை.
"நான் இரவில் ஓடி வந்தேன்" என்பேன்; ஓடியது வேறொருவர்.
"எனக்குப் பிள்ளைகள் இல்லை" என்று காலையில் சொல்லிவிட்டு
மூன்று மணிக்கு என் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன்.
அதனால்தான் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சபை ஓர் இரவு யோசித்தது.
ஈரச் சட்டை வெளியே கொசுக்களோடு யோசித்தார்.
விடிந்ததும், பெண்கள் எடுத்த முடிவைச் சொல்ல ஓர் ஆண் எழுந்தார்.
'இருகரை பார்ப்பவர்' என்பது அவர் பெயர்.
கையில், வெள்ளையும் ஊதாவுமாகச்
சங்கறுத்துக் கோத்த பட்டை.
ஒரு தாயின் பேச்சை, அவள் சொன்னபடியே, தன் வாயால் பேசினார்.
என்னால் இயன்ற அளவு, ஊசியை நிறுத்திக்கொண்டு:

நேற்றிரா கயிற்றில் கிடந்த கால்களை
இன்றைய நீரில் நனைத்தேன்.
என் இளையன் இறந்த இடத்தில்
இட்டதைத் தின்றான்.
கைதி எங்கே? இல்லை.
அன்னை நான்.
நதி தேடி நடக்கிறாயே, நட.
தனியே நட.

(அன்னைக்கு உதடு ஒட்டாது. அம்மாவுக்கு ஒட்டும்.
எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.)

அவள் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள்.
தாய் என்ற சொல் வந்ததும் உதடு சேர்ந்தது.
சேர்ந்தது உடனே திறக்கவில்லை.
அடுப்பில் ஏதோ வெடித்தது. நாய் ஒன்று எழுந்து இடம் மாறியது.

"யாருடைய மகன்?
நேற்றுக் கட்டிக் கிடந்தானே, அவனா?"

அந்தக் கேள்வியை அவள் சபைக்குக் கொண்டுபோகவில்லை.
அவளே சொன்னாள்:
"நானும் கட்டிக் கிடந்தேன்."
அன்று காலையில் அவள் சொன்ன நான்களில்
அவளுடையது அது ஒன்றுதான்.

கெண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கத்திகளையும்.
மணிகளில் ஒன்று குறைந்தது; எந்தக் குழந்தையோ.
ஈரச் சட்டை அன்றிரவு எழுதினார்:
ஆளைத் தர மறுக்கிறார்கள்.
மொழிபெயர்ப்பவள் சரியில்லை.
காரணம் விளங்கவில்லை.

சோளக்கொல்லையில் பையன்
புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் தடவை கூப்பிட்டால் திரும்பினான்.
அவனுடைய ஆற்றுமொழியில் ம இருந்தது.
யாரை அழைக்க வைத்திருந்தான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.