பத்துக்கு எத்தனை

பொட்டதாங் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
மின்சாரம் ஒரு மணிக்குத்தான் என்றார்கள்.
டாக்டர் வந்துவிட்டார், நான் வந்துவிட்டேன்,
ஊசியும் வந்துவிட்டது.
திரை மட்டும் இருட்டு.

டோ கின் ஏ, டோ கின் ஏ என்று
தாதி மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான்
அது என் பெயர் என்று நினைவு வந்தது.
அடையாள அட்டையில் அப்படி. வீட்டில் மங்களநாயகி.

பத்துக்கு எத்தனை வலி என்றார் டாக்டர்.
இருபத்தாறு வருடமாக பயின்னவுங் சந்தையில்
உளுந்து நிறுக்கிறவள் நான்.
மூட்டையைத் தொடாமலே சொல்வேன்,
முப்பது வீசைக்கு அரை வீசை குறைகிறதென்று.
காலையில் ஏழு இருக்கும். ரவிக்கை உரசினால் ஒன்பது.
மின்விசிறிக் காற்று பட்டால்
அதற்கு உங்களிடம் படிக்கல் இல்லை, டாக்டர்.
ஏழு என்று எழுதிக்கொண்டார்.

மூன்று மழைக்காலத்துக்கு முன் வந்த அக்கி.
இடப்பக்கம், முதுகிலிருந்து விலா சுற்றி
பாதி ஒட்டியாணம்.
தன்லியினில் ஒருவர் காவி குழைத்துச் சிங்கம் வரைந்தார்.
பத்து நாளில் கொப்புளம் உதிர்ந்தது.
சிங்கம் உள்ளே போய்விட்டது.

மாத்திரை தின்றேன். தூக்கம் கொடுத்தது,
கணக்கில் ஒரு சைபரை விழுங்கியது.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.
பேரேட்டை மருமகன் மேசைக்கு மாற்றினார்.

ஒரு மணியும் போனது. கீழே ஜெனரேட்டரை இழுத்தார்கள்.
நாலாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது.
திரையில் சாம்பல் நிறத்தில் என் உள்பக்கம்,
மழை ஊறிய சுவர் மாதிரி.
இதில் நரம்பு எது?
டாக்டர் காட்டினார். எள்ளளவு.
இதுவா, என்றேன். இதற்கா?

குப்புறப் படுத்தேன், வயிற்றுக்கடியில் தலையணை.
'நாலா?' என்றாள் தாதி. வலிக்கிறதா என்று.
பர்மியர்களுக்கு நா என்றால் வலி.
எனக்கு நாக்கு.
மூன்று வருடமாக என் விலாவில் வாய் ஓயாதது எதுவென்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.
எறும்புக்கடி. பிறகு யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல.
பிறகு உள்ளே மெல்லப் பரவும் ஒரு குளிர்.
பிறகு
பேச்சு நின்றது,
வாக்கியத்தின் நடுவில்.

வெளியே மழை. குடையை விரிக்கவில்லை.
துணி நனைந்து இடப்பக்கம் ஒட்டியது. ஒட்டட்டும்.
பஸ்ஸில் ஒரு பையன் முழங்கையால் இடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டான்.
இன்னொரு தரம் இடி என்று சொல்லப் பார்த்தேன்.

மூன்று வருடமாக வலப்பக்கமே படுக்கும் சோலையப்பன்
அன்றிரவு இந்தப் பக்கம் வந்தார்.
கொதிக்கும் சட்டியைத் தொடுகிறவர் போலக் கை வைத்தார்.
தெரியுதா?
ம், என்றேன்.
பொய்.
வலி இருந்த இடத்தில் அவர் கையும் இல்லை.
யாருடைய விலாவிலோ யாரோ கை வைத்திருந்தார்கள்.

மூன்றரை மணி. கொசுவலைக்கு வெளியே தவளை.
எங்கிருந்தோ ஒரு வெதுவெதுப்பு.
அது விரல்களாகப் பிரிந்தது. ஒன்று, இரண்டு.
சுண்டுவிரல் ஓரத்தில் சாக்குத் தைத்த காய்ப்பு.
அவர் கை அங்கேதான் இருந்திருக்கிறது இவ்வளவு நேரமும்.
வலி இன்னும் வந்து சேரவில்லை.
படி ஏறிக்கொண்டிருந்தது.
அதன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?
அவரை எழுப்பவில்லை.
அசையாமல் கிடந்தேன்,
இருபது நிமிடம் இருக்கும்.

இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்க்கலாம்,
நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றிருந்தார் டாக்டர்.
தடவைக்கு நாலு லட்சம் சாட்.

மொகல் தெருவில் வளையலை நிறுத்தார்கள்.
தட்டு ஒரு இழை குறைத்துச் சொன்னது.
கண் பார்த்துவிட்டது. வாய் திறக்கவில்லை.
பதினொரு மணிக்குள் மூன்றாம் மாடியில்
பெயர் கொடுக்கவேண்டும்.
எந்தப் பெயர் என்பதும் நினைவிருந்தது.