ஏழுக்குப் போகும் வழி

மயக்கம் தெளிந்து நான் சொன்ன முதல் சொல்
கெட்ட வார்த்தை.
திருவனந்தபுரத்து நர்ஸ் மலையாளத்தில் சிரித்தாள்,
பேச்சு போகவில்லை என்று.
ரெஜினாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.
அதற்குப் பிறகு ஒன்பது நாள்
அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருந்தது.
கஞ்சிக்கும் அதுவே.
பங்குச்சாமி வந்து நெற்றியில் சிலுவை போட்டபோதும்
அதுவே.

எலுமிச்சை அளவு என்றார்கள் கட்டியை.
இடப்பக்கம், பேச்சு குடியிருக்கும் தெருவில்.
தவக்காலம். தலையை மழித்து
காதுக்கு மேலே தூண்டில் முள் மாதிரி ஒரு வெட்டு;
முப்பத்திரண்டு கம்பித் தையல்.
எண்ணியவள் அவள்.
எனக்கு அப்போது எண் கிடையாது.

குளச்சல் துறையில் இருபத்தாறு வருஷம்
ஏலம் கூறிய வாய் இது.
மூச்சுவிடாமல் நூறு விலை சொல்லும்.

ஆசாரிபள்ளத்தில் பயிற்சி, செவ்வாயும் வெள்ளியும்.
வலக்கைக்குப் பயறு பொறுக்கும் வேலை.
வாய்க்கு, பிரபிஷா என்றொரு பிள்ளை
படச்சீட்டை ஒவ்வொன்றாய் மேசையில் வைப்பாள்.
சீப்பு. நான் சொன்னது: முள்ளு.
குடை. நான் சொன்னது: திருக்கை.
ஒருநாள் மீன் படம் வந்தது.
"இது என்னது அண்ணா?"
பார்த்தேன். பாரையின் வால், சங்கராவின் முகம்,
செதில் யாரோ கோலம் போட்ட மாதிரி.
இப்படி ஒரு சாதி எந்த மடியிலும் ஏறியதில்லை.
அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது பழைய சொல்.
தாளில் தவறு என்று குறித்தாள்.
பஸ்ஸில் திங்கள்சந்தை வரை அழுதேன்.
மாத்திரை சிலரை அழவைக்கும் என்றார் டாக்டர்.
மாத்திரை இல்லை அது.

ஜெபமாலை மட்டும் தப்பியிருந்தது.
ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு வந்துவிடும்
ஓர் எழுத்து இடறாமல்.
ஆமென் சொன்ன அதே வாய்க்கு
தண்ணீர் கேட்கத் தெரியாது.

மகள் அன்சிதான் கண்டுபிடித்தாள்.
தனியாக ஏழு கேட்டால் வராது;
ஒன்றில் ஏற்றிவிட்டால் ஏழில் வந்து இறங்குவேன்.
"அப்பா, ஒண்ணுல இருந்து வாங்க."
கரைமடிக் கயிற்றில் கை மாற்றிக் கை மாற்றி
வந்தேன்.

ஆவணியில் துறைக்குப் போனேன், தொப்பி போட்டு.
கிளீட்டஸ் ஒரு பெட்டியை முன்னால் தள்ளினான்:
"சும்மா ஒண்ணு கூறும்வே, பாப்போம்."
பெட்டியில் சாளை.
நான் கூவியது: வாளை!
சிரிப்பு. கருங்கல் வியாபாரி தங்கையன் மட்டும்
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு,
"வாளைன்னா வாளை. வெலையச் சொல்லும்."

ஏலம் ஏறித்தானே போகும்.
ஆயிரம். ஆயிரத்து நூறு. ஆயிரத்து இருநூறு.
காலில் படி தட்டுப்பட்டது.
ஐநூறில் நிற்கும்போது தங்கையன்
ஒரேயடியாக எண்ணூறுக்குக் குதித்தான்.
இடையில் படி இல்லை.
அங்கேயே நின்றேன்.
ஐஸ் உருகி விரலிடுக்கில் ஓடியது.
துறையே காத்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
அறுநூறு, என்றேன் பிறகு.
எழுநூறு.
எண்ணூறை எட்டும்போது
கிளீட்டஸ் அடுத்த இரண்டு பெட்டியை முடித்திருந்தான்.
கமிஷன் முப்பத்தாறு ரூபாய்.
ரெஜினாள் கையில் கொடுத்தேன்.
அவள் எண்ணவில்லை.

அவள் பெயர் இன்னும் தனியாக வருவதில்லை.
இரவில் தாகம் எடுத்தால்
அவள் வீட்டு மூத்தவளிலிருந்து ஏறுகிறேன்:
செலின், பனிமேரி, அல்போன்ஸ்...
"எனக்க குடும்பத்தையே எழுப்பாதேயும்" என்று
செம்போடு வந்து நிற்கிறாள்
மூன்றாவது பெயரிலேயே.
தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு
நான்காவதையும் சொல்லி முடிக்கிறேன்.